நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோக வேண்டிய இரவு

ஆறு பக்கங்களுக்கு நீளும் கடிதம் அது. எழுதியவர் காவிரிக்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த 42 வயதுக் கல்லூரி ஆசிரியை. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கேள்விகளை மாற்றவில்லை. கணவருக்கு 46 வயது, சொந்தமாக அச்சகம் நடத்துகிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், ஆறு வயது மகன், 69 வயது மாமியார் ஆகியோரும் உடன் இருக்கிறார்கள். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதைப் பற்றிப் பள்ளியில் படித்த நாளிலிருந்து, இரவு பன்னிரண்டு மணிக்குச் சூரியனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். ஐந்தாண்டுகள் கட்டிய சீட்டுப் பணம் இந்த ஆண்டு கைக்கு வருகிறது. மே 20-ஆம் தேதியை ஒட்டிப் புறப்பட்டு, ஃபின்லாந்தின் ரோவனியெமி நகரில் எட்டு இரவுகள் தங்கும்படி பயண முகவர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கோடையில் சூரியன் மறையாத வடபகுதி தொடங்கும் எல்லையான ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மீதே நிற்கலாம், நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் வானில் பச்சையாய் அலையும் துருவ ஒளியையும் பார்த்துவிடலாம் என்பது அவர் கொடுத்திருக்கும் வாக்கு.

இவ்வளவும் முதல் மூன்று பக்கங்களில் வந்துவிடுகிறது. நான்காம் பக்கத்தில்தான் அவர் எனக்கு, அதாவது ஒரு மனநல மருத்துவருக்கு, எழுதியதற்கான காரணம் வருகிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் மூன்று வாரங்கள் ஏறக்குறைய உறங்காமலேயே இருந்தார். அச்சகத்தின் பேரில் கடன் வாங்கி இயந்திரங்களுக்கு முன்பணம் கொடுத்தார். நள்ளிரவில் நண்பர்களை அழைத்துப் புதிய தொழில் திட்டங்களை விவரித்தார். முடிவில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மனநிலை மிகையெழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று கண்டறிந்து, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைத் தொடங்கினார்கள். அன்று முதல் ஒரு வேளையும் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். மறுபடியும் அந்த நிலை வரவில்லை. வீட்டில் அந்த மாத்திரைக்குப் பெயர் 'தூக்க மாத்திரை'. மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு; இரவில் ஒரு வேளை இன்சுலின் போடுகிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது? இருட்டாத ஊர் கணவரைப் பாதிக்குமா? நோயைப் பற்றி விசா விண்ணப்பத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும் எழுதவே வேண்டாம் என்று முகவர் சொல்வதைக் கேட்கலாமா? நான்காவதை மாமியாரின் கேள்வி என்று குறிப்பிட்டுப் பாதி வேடிக்கையாக எழுதியிருக்கிறார்: அந்தியே வராத ஊரில் விளக்கை எப்போது ஏற்றுவது?

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு நோய் இருப்பதாலேயே இந்தப் பயணம் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்பது ஆண்டுகள் மருந்தை ஒழுங்காக எடுத்து, தொழிலையும் குடும்பத்தையும் நடத்திவரும் ஒருவருக்கு உலகத்தைப் பார்க்கும் உரிமை மற்ற எவருக்கும் உள்ள அளவே உண்டு. ஆனால் நீங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு உடல்நலத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். சூரியன் மறையாத இடத்தில் சூரியனைத் தேட வேண்டியதில்லை, அது கேட்காமலேயே இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்கும். தேடிச் சேர்க்க வேண்டியது இரவைத்தான். எங்கே, எந்த அறையில், எத்தனை மணிக்கு உங்கள் குடும்பம் இருட்டில் படுக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊரும் தேதியும் அதிலிருந்து தாமாகவே வரும்.

முகவரின் திட்டத்தில் உள்ள பிழைகள்

இது என் துறை அல்ல என்றாலும், இரண்டு முறை அந்தப் பக்கம் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மே 20 முதல் எட்டு நாள் ரோவனியெமியில் தங்கினால் உங்கள் மகள் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்க மாட்டாள். அந்த ஊர் ஆர்க்டிக் வட்டக் கோட்டை ஒட்டி, உண்மையில் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்கே சூரியன் மறையாமல் இருப்பது ஜூன் 6 வாக்கில் தொடங்கி ஜூலை முதல் வாரத்தோடு முடிந்துவிடும். மே இறுதியில் நள்ளிரவை ஒட்டி ஏறக்குறைய மூன்று மணி நேரம் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் இருட்டு வராது. அதாவது பார்க்கப் போன சூரியன் கிடைக்காது, தூக்கத்தைக் கெடுக்கும் வெளிச்சம் மட்டும் முழுதாகக் கிடைக்கும். வட்டக் கோட்டின் மீது நின்று படம் எடுத்துக்கொள்வதும், கோடையிலும் திறந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா கிராமத்தைப் பார்ப்பதும் உங்கள் மகனுக்கு மகிழ்ச்சி தரலாம். மகளுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறாது.

துருவ ஒளியைப் பற்றிய வாக்கும் நடக்காதது. அந்த ஒளி கோடையிலும் வானில் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பகலில் நட்சத்திரம் தெரியாத அதே காரணத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகஸ்ட் இறுதியில் இரவு திரும்பி வந்த பிறகு ஏப்ரல் தொடக்கம் வரைதான் அதற்குப் பருவம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இரண்டையும் சேர்த்து விற்கிறவரிடம் மற்றவற்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்குள் மகளின் ஆசை நிறைவேற வேண்டுமானால், மே கடைசி வாரத்திலேயே சூரியன் மறையாத அளவுக்கு வடக்கே போக வேண்டும். நோர்வேயின் திரோம்ஸோ நகரில் மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறைவதில்லை. அதற்கும் வடக்கே, 307 மீட்டர் உயரப் பாறை விளிம்பாகக் கடலில் முடியும் நூர்காப் முனையில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரை. படங்களில் மிக அழகாக இருக்கும் லோஃபோதன் தீவுகளில் மே 28 வாக்கில்தான் தொடங்குகிறது. போதோ நகரில் ஜூன் 4 ஆகிவிடும். ஐஸ்லாந்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டில் ஆர்க்டிக் வட்டம் தொடுவது கிரிம்ஸே என்ற சிறு தீவை மட்டுமே. தலைநகர் ரேக்யவீக்கில் கோடை இரவு வெளுத்துக் கிடக்குமே தவிர, சூரியன் மறையத்தான் செய்யும்.

இவற்றுள் உங்கள் குடும்பத்துக்கு நான் திரோம்ஸோவைத்தான் சொல்வேன், அதுவும் இயற்கை அழகுக்காக அல்ல. வட நோர்வே முழுவதற்குமான பல்கலைக்கழக மருத்துவமனை அந்த ஊரில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவும் உண்டு. நூர்காப் முனையில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் ஏற்பாடுகள் வேறு மாதிரியாகிவிடும். பனிமூட்டம் கடலிலிருந்து ஏறி அந்தப் பாறை முழுவதையும் மூடிவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான். நெடுந்தூரம் போய்ச் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் பலர்.

இரவு உங்கள் கணவருக்கு மருந்தில் ஒரு பங்கு

இனி என் துறைக்கு வருகிறேன். நம் விழித்திரையில் பார்ப்பதற்காக அல்லாமல், வெளிச்சம் எவ்வளவு என்பதை மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. அவை மூளையின் நாள்கடிகாரத்தோடு இணைக்கப்பட்டவை. மாலையில் வெளிச்சம் குறையும்போது மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, உடல் இரவுக்குத் தயாராகிறது. வெளிச்சம் குறையாவிட்டால் அந்தச் சுரப்பு தள்ளிப்போகிறது. பெரும்பாலோருக்கு இதன் விளைவு இரண்டு மூன்று நாள் அரைத்தூக்கம், கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு அப்படி எளிதாக விட்டுவிட முடியாது. மேனியா என்று நாங்கள் சொல்லும் மிகையெழுச்சி நிலையின் முதல் அறிகுறியாகத் தூக்கக் குறைவு வருவதுண்டு; தூக்கக் குறைவே அந்த நிலையைக் கிளப்பிவிடுவதும் உண்டு. உங்கள் கணவரின் முதல் பாதிப்பும் உறங்காத இரவுகளோடுதான் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறக்கக் கூடாது.

இதே காரணத்தால் இருட்டையே சிகிச்சையாகப் பயன்படுத்தும் முயற்சிகளும் உண்டு. 2016-இல் நோர்வே மருத்துவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். மிகையெழுச்சி நிலையில் மருத்துவமனையில் இருந்தவர்களுள் ஒரு பகுதியினர் மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை, ஏழு நாட்கள், நீல ஒளியைத் தடுக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்தார்கள். வழக்கமான மருந்துகளோடு இதுவும் சேர்ந்தபோது, சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களைவிட அவர்களின் அறிகுறிகள் விரைவாகத் தணிந்தன. சிறிய ஆய்வுதான், அதை வைத்து லித்தியத்துக்குப் பதில் கண்ணாடி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் வெளியே இருக்கும்போது உங்கள் கணவர் தொப்பியும் நிறக் கண்ணாடியும் அணிவது செலவில்லாத, தீங்கில்லாத முன்னெச்சரிக்கை.

நேர வேறுபாட்டைச் சிறியது என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான். கோடையில் நோர்வே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆனால் அது எந்த வழியில் தொல்லை தரும் என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டில் காலை ஆறரைக்கு எழுகிறவர்கள் அங்கே அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பார்கள். வேறெந்த ஊராக இருந்தாலும் வெளியே இருட்டைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். திரோம்ஸோவில் திரையை விலக்கினால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆறு வயதுப் பையன் விடிந்துவிட்டது என்று வீட்டையே எழுப்பிவிடுவான். முதல் முறை போனபோது நானே அதிகாலை இரண்டரை மணிக்குக் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, காலை உணவுக்கு இறங்கிப் போய், பூட்டியிருந்த உணவுக்கூடத்தின் முன்னால் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

உங்கள் மகள் படித்ததாகக் குறிப்பிட்டிருக்கும் 'கடிகாரம் இல்லாத தீவு' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரோம்ஸோவுக்கு மேற்கே உள்ள சொம்மராய் என்ற தீவின் மக்கள் நேரத்தையே ஒழிக்கப் போகிறார்கள் என்று 2019 ஜூனில் உலகெங்கும் செய்தி வந்தது. சில நாட்களிலேயே அது நோர்வே அரசுக்குச் சொந்தமான வளர்ச்சி நிறுவனம் ஒன்று சுற்றுலாவுக்காகப் பணம் கொடுத்துச் செய்த விளம்பரம் என்று வெளிவந்து, அந்த நிறுவனம் வருத்தமும் தெரிவித்தது. அந்தப் பகுதி மக்களின் படுக்கையறைகளைப் பார்த்தால் உண்மை விளங்கும். அடர்ந்த துணியில் தைத்த கறுப்புத் திரைகளை அவர்கள் 'ப்ளெண்டிங்ஸ்கார்டின்' என்று சொல்கிறார்கள். அது இல்லாமல் அங்கே குழந்தை வளர்ப்பது கடினம். 1980-களில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்காக வடகோடி ஃபின்மார்க் ஊர்களுக்குப் போன ஈழத் தமிழர்களிடம் கேட்டாலும், முதல் கோடையில் போர்வையையும் சமையலறை அலுமினியத் தாளையும் ஜன்னலில் ஒட்டிய கதை வரும்.

ஆகவே தங்குமிடம் பதிவு செய்யும்போது ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், படுக்கையறைக்கு வெளிச்சம் புகாத திரை உண்டா என்று எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கணவருக்குத் தனிப் படுக்கையறை கிடைத்தால் நல்லது. மூன்று மணிக்கு எழும் பையன் அவரை எழுப்பக் கூடாது. நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போகும் கப்பலைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: அதில் ஜன்னலே இல்லாத உள்ளறைகள் விலையும் குறைவு, இருட்டும் முழுமை. பலர் வேண்டாம் என்று ஒதுக்கும் அந்த அறைதான் உங்கள் கணவருக்கு ஏற்றது. இருந்தாலும் கப்பலில் மருத்துவ உதவி தொலைவு என்பதால் நான் நிலத்தையே விரும்புகிறேன்.

மருத்துவரிடம் கேட்டுவர வேண்டியவை

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, கணவரும் நீங்களும் சேர்ந்து அவருடைய மனநல மருத்துவரைப் பாருங்கள். என் பதில் அவருடைய முடிவுக்கு மாற்று அல்ல. அவருக்குத் தெரிந்த பல விவரங்கள் எனக்குத் தெரியாது. அண்மையில் எடுத்த லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகள் கையில் இருக்க வேண்டும். இரவு மருந்தை அங்கே உள்ளூர் இரவு நேரத்துக்கே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேளை மூன்றரை மணி நேரம் தள்ளிப்போவதால் பொதுவாகத் தீங்கில்லை. தவறவிட்ட வேளையை ஈடுகட்ட இரட்டை மாத்திரை மட்டும் ஒருபோதும் கூடாது.

பயணத்தில் லித்தியத்தால் வரக்கூடிய ஆபத்து பெரும்பாலும் வயிற்றிலிருந்துதான் தொடங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காமை ஆகியவற்றால் உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். கால்வலி, தலைவலிக்கு நாம் யோசிக்காமல் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் அதே தீங்கைச் செய்யும்; பாராசிட்டமால் போதும். கை நடுக்கம் அதிகமாவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோர்வேயில் அவசர ஊர்திக்கு 113. அவ்வளவு அவசரம் இல்லாத நேரத்தில் மருத்துவ உதவிக்கு 116 117.

தூக்கத்துக்கு ஒரு விதியை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரத்துக்குக் குறைவாக, அடுத்தடுத்து எத்தனை இரவுகள் உறங்கினால் அவரை அழைக்க வேண்டும், அப்போது எந்த மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே அந்த விதி. நான் என் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஐந்து மணி நேரம், இரண்டு இரவு என்று சொல்வதுண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது தூக்கம் குறைந்ததை மட்டுமல்ல, குறைந்தும் களைப்பே தெரியாமல் இருப்பதை. நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுச் சோர்ந்திருந்தால் அது பயணக் களைப்பு. நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு, இங்கேயே ஓர் உணவகம் தொடங்கினால் என்ன என்று உற்சாகமாகக் கணக்குப் போடத் தொடங்கினால், அன்றைய உலாவை ரத்து செய்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். இதை மறைவாகக் கண்காணிக்க வேண்டாம்; புறப்படுவதற்கு முன்பே கணவரோடு பேசி, அவருடைய ஒப்புதலோடு செய்யுங்கள். உளவு பார்ப்பதாக அவர் நினைத்துவிட்டால், வேண்டிய நேரத்தில் உங்கள் பேச்சு ஏறாது.

மெலட்டோனின் மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிக் கணவருக்கோ குழந்தைகளுக்கோ கொடுக்க வேண்டாம்.

மாமியாரைப் பற்றி

இன்சுலினையும் எல்லா மருந்துகளையும் கைப்பையில் கொண்டுபோங்கள்; விமானத்தின் சரக்குப் பகுதியில் வைத்தால் உறைந்து பயனற்றுப் போகலாம். மூன்றரை மணி நேர மாற்றத்தில் அளவை எப்படிச் சரிக்கட்டுவது என்பதை அவருடைய மருத்துவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இரவு உணவு முடிந்த பிறகும் வெளியே வெளிச்சமாக இருப்பதால், "இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாமே" என்று எல்லோரும் கிளம்பிவிடுவீர்கள். வீட்டில் எட்டரைக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழாத அம்மா அங்கே மூன்று கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து இன்சுலின் போட்டுக்கொண்டு படுத்தால், அதிகாலையில் சர்க்கரை தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. அப்படி நடந்த நாளில் படுக்கும் முன் சோதித்துப் பாருங்கள், கையெட்டும் தூரத்தில் சர்க்கரை வைத்திருங்கள். மே இறுதியில் அங்கே வெப்பம் பெரும்பாலும் பத்துப் பாகைக்குக் கீழேதான் இருக்கும், நிழல் பகுதிகளில் பனியும் கிடக்கும்; வழுக்காத காலணி வாங்கிக் கொடுங்கள்.

எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது

முகவர் இரண்டு வேறு படிவங்களை ஒன்றாகக் குழப்புகிறார். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்ற ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது; அதன் குறுகிய காலச் சுற்றுலா விசா படிவம் உங்கள் நோய் வரலாற்றைக் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது மறைத்தல் ஆகாது; கணவருக்கு அதனால் விசா மறுக்கப்படுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாட்களாவது இருக்க வேண்டும். கோடை நெருங்கினால் கூட்டம் மிகும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள்.

காப்பீட்டுப் படிவம் அப்படியல்ல. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஷெங்கன் விசா கிடைக்காது. ஆனால் விசாவுக்காக மட்டும் வாங்கும் மலிவான காப்பீட்டில், முன்பே உள்ள நோய்களுக்கு இழப்பீடு இல்லை என்ற விதி பெரும்பாலும் இருக்கும். படிவத்தில் முன்பே உள்ள நோய்கள் என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டு, அங்கே மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அவர்கள் முதலில் கேட்பது பழைய மருந்துச்சீட்டைத்தான். பொய் சொன்னதைக் காட்டித் தொகை முழுவதையும் மறுத்துவிட அவர்களுக்கு இடம் கிடைக்கும். நோர்வேயில் சில நாள் மருத்துவமனைச் செலவை உங்கள் சீட்டுப் பணம் தாங்காது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 21(4)-ஆம் பிரிவில், உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டே, முன்பே உள்ள மனநோய் திடீரென்று தீவிரமானால் எந்த அளவுக்கு ஈடு தருவீர்கள் என்று இரண்டு மூன்று நிறுவனங்களிடம் எழுதிக் கேளுங்கள். மாமியாரின் சர்க்கரை நோய்க்கும் இதே கேள்வி பொருந்தும். விலை கூடினாலும், உண்மையை எழுதி வாங்கிய காப்பீடுதான் காப்பீடு.

லித்தியத்தை அதன் சொந்த அட்டையிலேயே, மருந்துச்சீட்டோடும் மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கொண்டுபோங்கள். அந்தக் கடிதத்தில் 'தூக்க மாத்திரை' என்று இருக்காது. மாமியாருக்கும் மகளுக்கும் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, "அப்பாவுக்குத் தூக்கம் கெட்டால் உடம்பு கெடும், அதனால் பத்து மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது" என்ற அளவிலாவது சொல்லிவைப்பது நல்லது.

நான் போட்டுத் தரும் திட்டம்

சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் புறப்படுகின்றன. அதனால் பயணம் தொடங்கும் முன்பே ஓர் இரவு பறிபோகிறது. இயன்றால் பகலில் கிளம்பும் விமானத்தைத் தேடுங்கள், கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். முதல் மூன்று இரவுகள் நோர்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் தங்குங்கள். அங்கே பத்து மணிக்கு மேல் சூரியன் மறைந்து, முழு இருட்டு இல்லாவிட்டாலும் இரவு என்று ஒன்று இருக்கும். மூன்றாம் நாள் வரை கணவர் நன்றாக உறங்கினால் மட்டும் வடக்கே போங்கள். மாற்றக்கூடிய பயணச்சீட்டாக வாங்கினால் இந்த முடிவை அங்கே எடுக்கலாம். விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். திரோம்ஸோவில் எட்டு அல்ல, மூன்று இரவுகள் போதும். ஒன்று பார்ப்பதற்கு, இரண்டு மேகத்துக்கு. பிறகு பெர்கன் பக்கம் இறங்கி, மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகும் ஃபியோர்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

இன்னொன்றையும் உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். திரோம்ஸோவில் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்பது கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது அல்ல, ஏறத்தாழ 12.40-க்கு. கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருப்பதும், ஊரின் தீர்க்கரேகையும் அதற்குக் காரணம். மே கடைசி வாரத்தில் அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்தை உரசிக்கொண்டுதான் நிற்கும். வடக்கே உள்ள தீவு மலைகள் அதை மறைத்துவிடவும் கூடும். அதே நாளில் இரவு பத்தரை மணிக்கு அது ஏறத்தாழ நான்கு பாகை உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கிப் பிடித்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்த உயரம். பொன்னிறம் கொட்டும் நேரமும் அதுதான். ஊரை ஒட்டிய மலையில் 421 மீட்டர் உயரத்துக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறி, குடும்பமாக அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இறங்கினால், கணவர் பதினொன்றரைக்குப் படுத்துவிடலாம். 12.40 வரை மலைமேல் விழித்திருப்பது உங்களுக்கும் மகளுக்கும் மட்டும், ஒரே ஓர் இரவு. அன்று மாமியாரும் பையனும் கணவரோடு அறைக்குத் திரும்பிவிடட்டும். பன்னிரண்டு மணிச் சூரியன்தான் வேண்டும் என்று கணவரும் சேர்ந்து மூன்று இரவும் விழிப்பது வேண்டாம்.

மருத்துவர் இதற்கும் தயங்கினால், செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையை எண்ணிப் பாருங்கள். அப்போது அதே ஊரில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். முகவர் மே மாதத்துக்குச் சொன்ன துருவ ஒளி உண்மையில் கிடைக்கக்கூடிய பருவம் அது. சூரியனை மகள் படித்து முடித்தபின் தானே போய்ப் பார்த்துக்கொள்வாள்.

திரும்பி வந்த பிறகு இரண்டு வாரங்கள் கணவரின் தூக்கத்தைக் குறித்துவையுங்கள். கிழக்கு நோக்கி வரும்போது நாள் சுருங்குவதால், போகும்போது தடுமாறியதைவிட இங்கேதான் உடல் அதிகம் தடுமாறும். ஊர் வந்துவிட்டோம் என்று எல்லோரும் கவனத்தைத் தளர்த்திவிடுவதும் அப்போதுதான்.

உங்கள் மாமியாரின் கேள்வியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான்கிலும் நல்ல கேள்வி அதுதான். உள்ளூர்க் கடிகாரப்படி மாலை ஏழரைக்கு விளக்கை ஏற்றச் சொல்லுங்கள். அவர் விளக்கேற்றும்போது நீங்கள் கறுப்புத் திரைகளை இழுத்துவிடுங்கள், கைப்பேசிகளை ஒரு பையில் போடுங்கள், சாப்பாட்டுக்கு உட்காருங்கள். மலைக்கு ஏறும் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் அதற்குப் பிறகு யாரும் வெளியே போக வேண்டாம். தங்கும் விடுதிகளில் திரியேற்றினால் புகை எச்சரிக்கை மணி அலறும். ஆகவே பேட்டரியில் எரியும் சிறு அகல் விளக்கு ஒன்றை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், மாற்று பேட்டரியும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்